அறியாததை ஆளுதல்



கவியரங்கம் நிகழ வேண்டிய மேடையில் பொறியியலுக்கு என்ன வேலை என்று அவையோர் வினவுதல் இயல்பே. ஆயினும், இன்று எடுத்துக்கொண்ட பொருள் ராயப்பன்பட்டிக்கு அயலானதன்று. ஊரை விட்டுச் சற்றே கிழக்கே நடந்தால் மேகமலையின் அடிவாரத்தில் சண்முகாநதி நீர்த்தேக்கம் தெரிகிறது. ஏறத்தாழ 52 அடி உயரம் உடையது அது. பள்ளத்தாக்கின் பெரும்பகுதி பெரியாற்று நீரை நம்பி வாழ, இந்தச் சிற்றணையோ மலைமேல் பெய்யும் மழை ஒன்றையே நம்பி நிற்கிறது. வடகிழக்குப் பருவம் கை கொடுத்தால் நிறையும், பொய்த்தால் வற்றும். ராயப்பன்பட்டியிலிருந்து எரசக்கநாயக்கனூர், ஓடைப்பட்டி வரை திராட்சைப் பந்தல்களும் புன்செய் நிலங்களும் அதன் மதகு திறக்கும் நாளை எதிர்பார்த்திருக்கின்றன.

அந்த மதகடியில் நிற்கும் ஒருவரை, அரசுத் துறையில் 'லஸ்கர்' என்று அழைக்கப்பெறும் அந்தப் பணியாளரை, இன்றைய உரையின் தலைவராகக் கொள்ளலாம். கால்வாயில் இத்தனை கனஅடி நீர் செல்ல வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட ஆணை. அணைக்குள் எவ்வளவு நீர் வந்து சேர்கிறது, அடியில் எவ்வளவு வண்டல் படிந்துள்ளது, ஷட்டரின் பலகை எந்த அளவு தேய்ந்துள்ளது என்பவை அவருக்குத் தெரியா. நீர்மட்டத்தைக் காட்டும் அளவுகோலும், ஷட்டரை ஏற்றி இறக்கும் திருகும், கால்வாயில் ஓடும் நீரின் அளவுமே அவர் அறிந்தவை. அறியாத ஒன்றை ஆளவும் வேண்டும். ஆண்டுகொண்டே அதை அறியவும் வேண்டும். இந்த இருமுகப் பணியைத்தான் பொறியியலார் தகவமைப்புக் கட்டுப்பாடு என்றும், அளபுரு மதிப்பீடு என்றும் அழைக்கின்றனர். ஓர் அமைப்பின் இயல்பைத் தீர்மானிக்கும், ஆனால் நேரடியாகக் கண்ணுக்குப் புலப்படாத எண்ணே அளபுரு எனப்படும்.

மதகின் கணக்கு

மதகு வழியே பாயும் நீரின் அளவு, மதகுக் கண்ணுக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தோடு நேர்விகிதத்தில் அமைவதில்லை. அவ்வுயரத்தின் வர்க்கமூலத்தோடு அமைகிறது. பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி கண்டுரைத்த உண்மை இது. எடுத்துக்காட்டாக, 36 அடி நீர் நிற்கையில் ஒரு திறப்பின் வழியே 12 கனஅடி பாய்வதாகக் கொள்க. நீர் 9 அடிக்கு இறங்கினால் பாய்வது எவ்வளவு? உயரம் நாலில் ஒன்றாகிவிட்டது. ஆகவே பாய்ச்சலும் நாலில் ஒன்றாகி 3 கனஅடியே வரும் என்று மனம் சொல்லும். உண்மையில் 6 கனஅடி வரும். மனக்கணக்கை நம்பி ஷட்டரை நான்கு மடங்கு உயர்த்தியவர், 12 வேண்டிய இடத்தில் 24 கனஅடியை விட்டிருப்பார். கால்வாய்க் கரை உடைந்த பிறகே கணக்குத் தவறு தெரியவரும்.

காரணம் இரட்டித்தால் விளைவும் இரட்டிக்கும் என்ற எளிய ஒழுங்குக்கு அடங்காத இத்தகைய அமைப்புகளையே நேரியல் சாரா அமைப்புகள் என்பர். உலகில் நேரியல் என்பது புத்தகங்களில் மிகுதி, இயற்கையில் அருமை. அணையின் வயிறும் அவ்வாறே. அடியில் குறுகி மேலே விரிவதால், மேல்மட்டத்து ஓரடி நீரும் கீழ்மட்டத்து ஓரடி நீரும் ஒரே அளவின அல்ல. நிறைந்த அணையில் பழகிய கை, வற்றிய அணையில் தடுமாறும்.

இவ்விடத்தில் ஒரு நுட்பம் கருதத்தக்கது. வளைவின் வடிவம் தெரிந்திருந்து, அதைப் பெருக்கி நிற்கும் எண் மட்டும் தெரியாதிருப்பது ஒரு நிலை. வர்க்கமூல விதி தெரியும். ஷட்டரின் தேய்மானத்தைக் குறிக்கும் குணகம் தெரியாது. இது ஓரளவு எளிது. அறியாமை வளைவுக்குள்ளேயே புகுந்துகொள்வது மற்றொரு நிலை. வண்டல் படிந்து மதகுக் கண் எந்த உயரத்திலிருந்து உண்மையில் தொடங்குகிறது என்பதே ஐயமாகிவிட்டால், அந்த அறியாத எண் வர்க்கமூலக் குறிக்கு உள்ளே சென்று அமர்ந்துவிடும். அப்போது சிக்கல் பன்மடங்கு பெருகும். நேரியல் சாரா அமைப்புகளுக்கான தகவமைப்புக் கோட்பாட்டின் பெரும்பகுதி முதல் நிலைக்கே விடை கண்டது. இரண்டாம் நிலை இன்றும் அறிஞர்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

தவறே ஆசான்

அறியாத எண்ணை அளவுகளிலிருந்து எவ்வாறு கறப்பது? இதன் தொடக்கம் வானியலில் உள்ளது. 1801 ஜனவரி முதல் நாள், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பியாஸ்ஸி என்னும் துறவி-வானியலார் ஒரு புதிய வான்பொருளைக் கண்டார். சீரிஸ் என்று பெயரிடப்பட்ட அது, ஆறு வாரங்களுக்குள் கதிரவன் ஒளியில் மறைந்துவிட்டது. எஞ்சியவை சில அளவுகளே. இருபத்துநான்கு வயதே நிரம்பிய காஸ் அவற்றைக்கொண்டு பாதையைக் கணக்கிட்டார். அவர் சுட்டிய இடத்துக்கு அருகிலேயே, அவ்வாண்டின் கடைசி நாளில் அது மீண்டும் அகப்பட்டது. இத்தகைய பணிக்கு அடித்தளமான மீச்சிறு வர்க்க முறையை லெஜாந்தர் 1805இலும் காஸ் 1809இலும் நூலாக வெளியிட்டனர். எந்த அளவும் பிழையற்றதன்று. ஆயினும் பல பிழைகளை நேர்மையாக எடைபோட்டால் அவற்றினூடே உண்மை தெரியும் என்பதே அம்முறையின் உள்ளுறை.

காஸ் எல்லா அளவுகளையும் முன்வைத்துக்கொண்டு அமர்ந்து கணக்கிட்டார். மதகடியில் நிற்பவருக்கு அந்த ஓய்வு இல்லை. நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனவே அவர் நேற்றைய மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று 10 கனஅடி வரும் என்று எதிர்பார்க்கிறார். வந்தது 8. இந்த இரண்டு கனஅடி வேறுபாடே அவருடைய ஆசான். ஆனால் வேறுபாடு முழுவதையும் ஏற்று மதிப்பீட்டைத் திருத்தினால், காற்றில் அலைந்த அளவுகோலின் பிழைக்கும் அவர் அடிமையாவார். சிறிதும் திருத்தாவிட்டால் பிடிவாதக்காரராவார். தவற்றில் ஒரு பங்கை மட்டும் ஏற்பதே முறை. தொடக்கத்தில் தம் மதிப்பீட்டில் நம்பிக்கை குறைவாதலால் பங்கு பெரிது. அனுபவம் ஏற ஏறப் பங்கு சிறுக்கும். 1960இல் கால்மன் வெளியிட்ட புகழ்பெற்ற வடிகட்டி முறை, இந்தப் பங்கு எவ்வளவு என்பதைத் துல்லியமாக வரையறுத்துக் காட்டியது.

வண்டல் ஆண்டுதோறும் படிவதால், ஐந்தாண்டுக்கு முந்தைய அளவு இன்றைய அணையைப் பற்றிப் பேசாது. ஆகவே பழைய அளவுகளின் எடையைச் சிறிது சிறிதாகக் குறைக்கின்றனர். பொறியியலார் இதற்கு இட்ட பெயர் மறதிக் காரணி. கவிஞர் மொழியை ஒத்த அப்பெயருக்குள் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழையதை மறந்துகொண்டே வந்து, புதிய செய்தியும் வராதிருந்தால், மதிப்பீட்டாளரின் உறுதி கரைந்துபோகும். அந்நிலையில் அற்ப அதிர்வு ஒன்று வந்தாலும் அவர் அளவுக்கு மீறித் துள்ளிவிடுவார். மறக்கத் துணிந்தவர் கேட்கவும் துணிந்திருத்தல் வேண்டும்.

வானில் நேர்ந்த பாடம்

மதிப்பீட்டையும் ஆளுகையையும் இணைக்கும் எண்ணம் 1950களில் வானூர்தித் துறையில் வலுப்பெற்றது. தரையருகே அடர்ந்த காற்றில் பறக்கும் ஊர்தி ஒருவகையாக நடந்துகொள்ளும். மிக உயரத்தே மெல்லிய காற்றில் வேறுவகையாக நடந்துகொள்ளும். ஒரே கட்டுப்பாட்டு அமைப்பு இரண்டுக்கும் போதாது. பறந்துகொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் அமைப்பு வேண்டும் என்று கருதினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் விட்டேக்கர் முதலியோர் 1958இல் ஒரு விதியை முன்வைத்தனர். பிழை குறையும் திசையில் அளபுருவைச் சிறிது சிறிதாக நகர்த்துக என்பதே அது. அறிவுக்கு உகந்த விதிதான். ஆனால் அது எப்போதும் நிலைத்து நிற்கும் என்பதற்கு நிறுவல் இல்லை.

நிறுவல் இன்மையைப் பொருட்படுத்தாத உற்சாகம் சில ஆண்டுகள் நீடித்தது. 1967 நவம்பர் 15ஆம் நாள், எக்ஸ்-15 என்னும் ஏவுகணை விமானங்களில் மூன்றாவது, மைக்கேல் ஆடம்ஸ் என்ற விமானியைச் சுமந்து 2,66,000 அடி உயரம் சென்றது. அதில் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கட்டுப்பாட்டு அமைப்பு பொருத்தப்பட்டிருந்தது. மின்கோளாறு நேர்ந்தது, ஊர்தி திசை பிறழ்ந்தது, ஒலியைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் சுழன்றது. அந்தச் சுழற்சியிலிருந்தும் அது மீண்டது. ஆனால் மீண்ட பின் மேலும் கீழுமாக விடாத ஊசலாட்டம் தொடங்கிற்று. ஊசலாட்டம் கண்டால் தன் வேகத்தைத் தணித்துக்கொள்ள வேண்டிய அமைப்பு, அந்த நேரத்தில் தணித்துக்கொள்ளவில்லை. ஊர்தி வானிலேயே சிதறியது, ஆடம்ஸ் உயிர்நீத்தார். விபத்துக்கு அந்த அமைப்பு ஒன்றே காரணம் என்பது பொருந்தாது. எனினும், கற்கும் இயந்திரம் நெருக்கடியிலும் சரியாகவே கற்கும் என்ற நம்பிக்கை அன்று உடைந்தது.

நிறுவப்பட்ட உறுதி

உடைந்த நம்பிக்கைக்கு மாற்றாக நிறுவலைத் தேடியவர்களுள் முன்னிற்பவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1954இல் மின்பொறியியல் பட்டம் பெற்ற கும்பதி எஸ். நரேந்திரா. ஹார்வர்டில் 1959இல் முனைவர் பட்டம் பெற்று, 1965இல் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் அவர். ரஷ்யக் கணித அறிஞர் லியாபுனோவ் 1892இல் எழுதிய ஆய்வேட்டின் கருத்து இத்துறைக்குத் திறவுகோலாயிற்று. ஒரு கிண்ணத்தில் இட்ட கோலிக்குண்டு எந்தப் பாதையில் உருண்டாலும் அதன் உயரம் ஏறாதிருக்குமானால், அது கிண்ணத்தை விட்டு வெளியேற முடியாது. பாதையை அறியத் தேவையில்லை. உயரம் ஏறாது என்பதை நிறுவினால் போதும். ஆளுகைப் பிழை, மதிப்பீட்டுப் பிழை ஆகிய இரண்டையும் சேர்த்து அத்தகைய ஓர் 'உயரத்தை' அமைத்து, அது ஏறாதபடி திருத்த விதியை வகுப்பதே வழி. 1980இல் நரேந்திராவும் அவருடன் லின், வலவானி ஆகியோரும் ஒரு நிறுவலை வெளியிட்டனர். அதே ஆண்டில் மோர்ஸ் தனியாகவும், குட்வின், ராமேஜ், கெயின்ஸ் மூவரும் சேர்ந்தும் தத்தம் நிறுவல்களை வெளியிட்டனர். கால் நூற்றாண்டாகத் தேடிய உறுதி ஓராண்டில் பல திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது.

நரேந்திரா தம் மாணவி அனுராதா அன்னசாமியோடு இணைந்து 1989இல் வெளியிட்ட 'நிலைப்புடைய தகவமைப்பு அமைப்புகள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல், துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. வளைவின் வடிவமே தெரியாதபோது என்ன செய்வது என்ற வினாவுக்கு, 1990இல் அவரும் பார்த்தசாரதி என்ற ஆய்வாளரும் எழுதிய கட்டுரை ஒரு வழி காட்டியது. மூளை நரம்புகளின் பின்னலைப் போலச் செய்யப்பட்ட கணித வலைகளைக்கொண்டு வளைவையே கற்றுக்கொள்ளலாம் என்றது அது. இன்று இயந்திரக் கற்றல் பற்றி உலகம் பேசும் பேச்சில் அக்கட்டுரைக்கும் ஓரிடம் உண்டு.

தலைமடையும் கடைமடையும்

நேரியல் சாரா அமைப்புகளுக்கு மற்றொரு திறவு 1991இல் கனெல்லகோபுலோஸ், கோகோடோவிச், மோர்ஸ் ஆகியோரால் கிட்டியது. அதைக் கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்க்கு எளிதில் விளக்கலாம். லஸ்கரின் கைக்கு எட்டுவது தலைமதகின் ஷட்டர் மட்டுமே. ஷட்டர் தலைக்கால்வாயை ஆள்கிறது. தலைக்கால்வாய் கிளைவாய்க்காலை ஆள்கிறது. கிளைவாய்க்கால் கடைமடை வயலை ஆள்கிறது. கடைமடையில் தேவை எழுகிறது. கருவியோ தலைமடையில் இருக்கிறது. அறியாமை இடைவழியெங்கும் கிடக்கிறது. இதற்கு விடை, கடைமடையிலிருந்து பின்னோக்கி நடப்பதாம். வயலுக்கு வேண்டியதைச் செய்ய வாய்க்கால் எப்படி ஓட வேண்டும்? அவ்வாறு அது ஓடக் கால்வாய் எப்படி இருக்க வேண்டும்? அதற்கு ஷட்டர் எங்கே நிற்க வேண்டும்? ஒவ்வொரு படியிலும் அங்குள்ள அறியாமையை அங்கேயே மதிப்பிட்டுக்கொண்டு ஏறி வந்தால், கடைசியில் கை திருகில் வந்து நிற்கும். தலைமடையில் நின்று கடைமடையை மறந்த ஆளுகை நிலைப்பதில்லை என்பதை உழவர் அறிந்தது பட்டறிவால். கணிதம் அதை அறிந்தது நிறுவலால்.

அசையாத நீர்

இதுவரை சொன்னவை வெற்றிகள். இவ்வுரையின் மையம் இனி வருகிறது.

ஆளுகையில் பிழை அற்றுப்போவது வேறு. உண்மையை அறிந்துகொள்வது வேறு. நீர்மட்டம் ஒரே அளவில் நாள்கணக்காக நிற்கிறது என்க. கால்வாயில் வேண்டிய நீர் வேண்டியவாறே ஓடுகிறது. ஆனால் ஷட்டர் தேய்ந்ததால் சற்று அதிகம் வருகிறதா, வண்டல் அடைத்ததால் சற்றுக் குறைகிறதா, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றனவா என்பதை அந்நாட்களின் அளவுகள் சொல்லமாட்டா. இரு பொய்யான மதிப்பீடுகள் கைகோத்து ஒரு சரியான விடையைத் தந்துகொண்டிருக்கலாம். மட்டம் மாறும் நாளில்தான் அவை பிரியும். அன்றுதான் பொய் வெளிப்படும். அளபுருக்கள் உண்மையை நோக்கி வர வேண்டுமானால், அமைப்புக்குப் போதிய அசைவு தொடர்ந்து கிடைக்க வேண்டும். இதனை இடையறாத தூண்டல் என்பர்.

1980இன் நிறுவல்களுக்குப் பின் வந்த மகிழ்ச்சியை இந்த உண்மையே கலைத்தது. ரோர்ஸ், வலவானி, ஏதன்ஸ், ஸ்டைன் ஆகிய நால்வரும் 1980களின் முற்பகுதியில் ஒன்றை எடுத்துக்காட்டினர். நிறுவலில் இடம்பெறாத சிறு அதிர்வுகளும், மாதிரியில் விடுபட்ட நுண்ணியக்கங்களும் இருந்தால், மதிப்பீடுகள் ஓசையின்றி நகர்ந்து சென்று திடீரென எல்லாவற்றையும் கவிழ்த்துவிடக் கூடும். முன்னைய நிறுவலின் ஆசிரியருள் ஒருவரான வலவானி, அதன் எல்லையைச் சுட்டிய கட்டுரையிலும் பங்குகொண்டார் என்பது அறிவுலகின் நேர்மைக்குச் சான்று. அதன்பின் வகுக்கப்பட்ட பரிகாரங்கள் எளியவை. பிழை மிகச் சிறிதானால் திருத்துவதை நிறுத்துக. மதிப்பீடு அறிந்த எல்லைக்கு வெளியே போகாதபடி வேலியிடுக. நெடுந்தொலைவு நகர்ந்தால் மெல்லப் பின்னிழுக்க. சுருங்கச் சொன்னால், கற்கத் தெரிந்த அமைப்புக்கு எப்போது கற்கக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் இக்கட்டு எழுகிறது. அறிய வேண்டுமானால் அசைக்க வேண்டும். ஆள வேண்டுமானால் அசையாமல் காக்க வேண்டும். சோவியத் அறிஞர் ஃபெல்ட்பௌம் 1960இல் இதனை இருமைக் கட்டுப்பாடு என்ற பெயரால் ஆராய்ந்தார்.

பள்ளத்தாக்கின் தலைமேல் இருக்கும் பெரியாறு அணை இந்த இக்கட்டின் நிழலிலேயே நெடுங்காலமாக நிற்கிறது. பென்னிகுயிக் காலத்தில் கட்டப்பெற்று 1895இல் திறக்கப்பட்ட அதன் நீர்மட்டம், 1979இல் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 2014 மே 7ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 அடி வரை தேக்க இசைவளித்தது. அவ்வாண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பின், நீர் அம்மட்டத்தைத் தொட்டது. வழக்கின் நியாயங்களை எடைபோடுதல் இவ்வுரையின் வேலையன்று. அணையின் உட்கூடத்தில் கசிவுநீரை நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று அளந்து, நீர்மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். கற்சுவரின் உள்ளியல்பு கண்ணுக்குத் தெரியாது. கசிவே அதன் மொழி. ஒரே மட்டத்தில் நிற்கும் நீர் அந்த மட்டத்தைப் பற்றியே பேசும். வேறு மட்டத்தைப் பற்றி முழுதாகப் பேசாது. அதற்காக அறியும் ஆவலில் அணையை அசைத்துப் பார்க்கவும் எவருக்கும் உரிமையில்லை. மலைக்கு அப்பால் அதன் கீழே மக்கள் வாழ்கின்றனர். இப்பால் அதன் நீரால் மக்கள் வாழ்கின்றனர். இயற்கை தரும் சிறு ஏற்ற இறக்கங்களை வீணாக்காமல் ஒவ்வோர் அங்குலத்திலும் அளந்து கற்பதே அறத்தோடு கூடிய அறிவு.

கவிஞர்க்கு ஒரு சொல்

கவிஞர் பெருமக்களே! இந்த அறிவியல் கவிதைக்கும் ஒன்று சொல்கிறது. கைவந்த யாப்பில், பழகிய பொருளில், தெரிந்த செவிகளுக்கு எழுதும் கவிஞருக்குப் பிழை நேர்வதில்லை, கைதட்டல் தவறுவதில்லை. ஆனால் அசையாத நீரில் அளந்த அளவு போன்றது அந்த வெற்றி. தம் மொழியின் வலிமை எது, வழக்கத்தின் ஒத்தாசை எது என்பதை அவர் அறியமாட்டார். பொய்யான இரு மதிப்பீடுகள் கைகோத்துத் தரும் சரியான விடையோ தம் கவிதை என்ற ஐயம், நேர்மையான கவிஞருக்கு ஒருமுறையேனும் எழ வேண்டும்.

அந்த ஐயத்தை எழுப்பும் இடமே இலக்கிய வட்டம். பாராட்டு மட்டும் பரிமாறும் வட்டம் மட்டம் மாறாத அணை. எதிர்பார்த்தது 10, வந்தது 8 என்று அன்போடு சொல்லும் தோழமையே இடையறாத தூண்டல். கேட்பவரும் அந்த வேறுபாட்டை முழுதும் விழுங்கித் தம்மை இழக்காமல், முழுதும் மறுத்து இறுகிப் போகாமல், அதில் ஒரு பங்கை ஏற்றல் வேண்டும்.

வரும் வடகிழக்குப் பருவத்தில் மேகமலையிலிருந்து சண்முகாநதியில் புதுநீர் இறங்கும்போது, மதகடியில் ஒருவர் அளவுகோலைப் பார்த்து நிற்பார். சென்ற ஆண்டின் கணக்கு அவர் கையில் இருக்கும். அது இந்த ஆண்டு பொருந்துமா என்ற கேள்வி அவர் மனத்தில் இருக்கும். அவ்விரண்டையும் ஒருங்கே தாங்கும் வட்டமாகப் பதினோராம் ஆண்டில் இவ்வட்டம் அடியெடுத்து வைப்பதாக.